எலியைக் கொல்வதோடு வேலை முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் நம் குமரி மாவட்டத்தில் எலி பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். எலிக்காய்ச்சல் பற்றிச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக எச்சரிக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ நெல் கதிர்விடும் பருவத்தில் வரப்பு வளைகளில் மருந்து வைக்கிறார்கள். தென்னந்தோப்புக்காரர்கள் குரும்பை உதிர்வதைக் காட்டி வேதனைப்படுகிறார்கள். இவை அனைத்தும் தேவையான பேச்சுகளே. ஆனால் பள்ளியிலும் பின்னர் கல்லூரியிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்தப் பேச்சில் ஒருபோதும் இடம்பெறாத ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாக எழுத விரும்புகிறேன். காட்டிலும் வயலிலும் வாழும் எலிகளின் உடலுக்குள் குடியிருக்கும் உருளைப்புழுக்களையே குறிப்பிடுகிறேன். கொன்ற எலியை வீசி எறிவதற்கு முன், அது எந்த வகை எலி, அதனுள் எந்தப் புழு இருக்கிறது, அந்தப் புழு யார் வழியாக அடுத்த எலியைச் சேர்கிறது என்று பார்த்துப் பதிவுசெய்யும் வழக்கம் நம் மாவட்டத்தில் உருவாகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உருளைப்புழு என்றதும் அது ஏதோ புதிய பெயர் என்று வாசகர்கள் எண்ணவேண்டியதில்லை. நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு என்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவற்றையே குறிக்கின்றன. ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பது இவற்றை அகற்றுவதற்காகவே. அத்தகைய நாள்களில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் எலி ஓடுகிறதே, எலியின் வயிற்றுப் புழு பிள்ளையின் வயிற்றுக்கு வந்துவிடாதா என்பார்கள். பெரும்பாலும் வராது என்பதே விடை. ஏன் வராது என்பதும், மிகச் சில புழுக்கள் மட்டும் அந்த எல்லையை மீறும்போது ஏன் பெருந்துன்பம் விளைகிறது என்பதும்தான் நான் சொல்ல வந்த செய்தி.

ஒட்டுண்ணி வாழும் உயிரைத் தமிழ்ப் பாடநூல்கள் விருந்தோம்பி என்கின்றன. அழைக்காமல் வந்து தங்கி, உணவையும் இரத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் உயிருக்கு இடம்கொடுப்பதை விருந்தோம்பல் என்று சொல்லலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். எனினும் நெடுங்காலப் பழக்கத்தால் இரு தரப்பும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதை அந்தச் சொல் நன்றாகவே காட்டுகிறது என்பது என் கருத்து. சிஃபேசியா என்னும் கீரிப்பூச்சி இனத்தை எடுத்துக்கொள்வோம். எலியில் வாழ்வது ஒரு வகை, சுண்டெலியில் வாழ்வது வேறொரு வகை. இரண்டும் ஒரே களஞ்சியத்தில் ஓடினாலும் அவற்றின் புழுக்கள் பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. எலிக் குடும்பம் காலப்போக்கில் கிளை கிளையாகப் பிரிந்தபோது அதனுள் இருந்த புழுவும் கூடவே பிரிந்து வந்ததை ஆய்வாளர்கள் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். அதனால் எலியின் குடலில் உள்ள புழுவைப் பார்த்தே அந்த எலியின் உறவினர்கள் யார் என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

இந்த உறவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு எலியின் சிறுநீர்ப்பையில் வாழும் டிரைக்கோசோமாய்டஸ் என்னும் புழுவைச் சொல்வேன். தலைமயிர் போன்ற அந்தப் பெண்புழுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அதன் உடலுக்குள்ளேயே, கருப்பைக் குழாயில், மிகச் சிறிய ஆண்புழு வாழ்நாள் முழுவதும் தங்கியிருப்பது தெரியும். முட்டைகள் எலியின் சிறுநீரோடு வெளியேறும். வளைக்குள் தாயோடு ஒட்டிக் கிடக்கும் குட்டிகள் அவற்றை விழுங்கும். குடும்பமாக வாழும் எலியின் வழக்கத்தையே தன் வழியாக அந்தப் புழு ஆக்கிக்கொண்டிருக்கிறது. நிப்போஸ்ட்ராங்கைலஸ் என்ற மற்றொரு புழுவோ, ஈரமண்ணில் காத்திருந்து எலியின் தோலைத் துளைத்து நுழைந்து, இரத்த ஓட்டத்தில் நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கிறது. வெறுங்காலோடு விளையில் நின்றவர்களை முற்காலத்தில் வாட்டிய கொக்கிப்புழு மனித உடலில் செல்லும் பாதையும் ஏறத்தாழ இதுவேதான். எலியின் உடல் நிப்போஸ்ட்ராங்கைலஸ் புழுவை ஓரிரு வாரங்களில் அடையாளம் கண்டு வெளியேற்றிவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை ஆராய்ந்துதான், குடற்புழுவை எதிர்க்கும் உடலின் ஆற்றலைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும் பகுதி கிடைத்தது.

எல்லாப் புழுக்களும் அப்படி வெளியேற்றப்படுவதில்லை. ஹெலிக்மோசோமாய்டஸ் என்னும் குடற்புழு சுண்டெலியின் உடலில் மாதக்கணக்கில் தங்கிவிடும். எதிர்ப்பைத் தணிப்பதற்காக எலியின் உடலே சுரக்கும் ஒரு புரதத்தின் வேலையைச் செய்யக்கூடிய வேறொரு பொருளை அந்தப் புழு தானாகச் சுரந்து, எலியின் காவலை அடக்கிவைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வலுக்கட்டாயமாக நுழைந்த விருந்தாளி, வீட்டுக்காரரின் குரலிலேயே பேசிக் காவல்நாயை அமைதிப்படுத்துவதைப் போன்றது இது. இத்தகைய உடன்பாடு ஏற்பட்ட இடத்தில் எலி சாவதில்லை, புழுவும் சாவதில்லை. எலி இறந்துபோனால் புழுவுக்கு வீடில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், சொந்த விருந்தோம்பியிடம் புழு ஓரளவு அடக்கமாக இருப்பதன் காரணம் விளங்கும்.

ஆனால் விருந்தோம்பி செத்தால்தான் வழி பிறக்கும் என்ற நிலையில் வாழும் புழு ஒன்றும் உண்டு. அதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டேன். 1990களின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாதத்தில், தன் தாத்தாவின் மரச்சீனி விளையில் கிட்டியில் மாட்டிய பெருச்சாளி ஒன்றை ஒரு மாணவர் சாக்கில் சுற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். மெழுகுத் தட்டில் கிடத்தி, கால்களில் ஊசி குத்தி, வயிற்றைத் திறந்தோம். கருஞ்சிவப்பாக வழுவழுவென்று இருக்கவேண்டிய கல்லீரலின் மேல், சிறுபிள்ளை சுண்ணாம்புக் கட்டியால் கிறுக்கினாற்போல, வெளிர்மஞ்சள் கோடுகளும் புள்ளிகளும் படர்ந்திருந்தன. அரிசிமணி அளவு துண்டை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு நசுக்கிப் பார்த்தபோது, இரு முனைகளிலும் தக்கை வைத்து அடைத்த சிறு பீப்பாய்களைப் போன்ற முட்டைகள் பார்வைப் பரப்பு முழுவதும் நெருக்கியடித்துக் கிடந்தன. கலோடியம் ஹெப்பாட்டிக்கம் என்ற உருளைப்புழுவின் முட்டைகள் அவை. 1893இல் பான்கிராஃப்ட் என்பவர் முதன்முதலில் விவரித்த புழு இது. (எலியின் கல்லீரலில் பட்டாணி போன்ற வெள்ளைக் கட்டி இருந்தால் அது பெரும்பாலும் பூனையில் முதிரும் நாடாப்புழுவின் இளம்பருவம்; அதனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

இந்தப் புழுவின் பெண், முட்டைகளைக் கல்லீரலின் சதைக்குள்ளேயே இட்டுவிட்டு இறந்துபோகும். அந்த முட்டைகள் எச்சத்தோடு வெளியேற வழியில்லை. எலி செத்து மண்ணில் அழுகவேண்டும். இல்லையென்றால் பூனையோ நாயோ மரநாயோ அந்த எலியைத் தின்று, முட்டைகளைத் தன் எச்சத்தோடு மண்ணில் விடவேண்டும். அதற்குப் பின்னும் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. ஈரமும் காற்றும் பட்டு, சில வாரங்கள் மண்ணில் கிடந்த பிறகே உள்ளே புழுக்குஞ்சு உருவாகும். பிறகு ஏதாவது ஓர் எலி மண்ணோடோ இரையோடோ அதை விழுங்கவேண்டும். மனிதருக்கு இந்தப் புழு உண்மையாகவே தொற்றுவது மிக அரிது. ஆனால் தொற்றினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். மண்ணை வாயில் வைக்கும் சிறு குழந்தைகளே அதற்குப் பெரிதும் ஆளாகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களைச் சூறையாடிய சுண்டெலிகளைக் குறைக்க இதே புழுவைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வயலில் அந்த முயற்சி பலன் தரவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் மருந்து தின்று செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்து விளையிலோ ஓடையிலோ வீசிவிடுகிறோம். அப்படி வீசும்போது, எலி செத்து அழுகினால்தான் வெளியேற முடியும் என்று காத்திருக்கும் புழுவுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். நாய் தின்றுபோனாலும் அதுவே நடக்கிறது. கையுறையோ பாலித்தீன் பையோ இல்லாமல் செத்த எலியைத் தொடக் கூடாது என்பதையும், அதை எரித்துவிடுவதே நல்லது, இயலாதபோது நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கவேண்டும் என்பதையும் எலி ஒழிப்பு முகாம்களில் முதல் அறிவுரையாகச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிச் செய்தால், நஞ்சு தின்ற எலியைத் தூக்கிப்போய் ஆந்தையும் கூகையும் சாவதும் குறையும்.

இனி, என்னை இந்தக் கடிதம் எழுதத் தூண்டிய புழுவுக்கு வருகிறேன். 1935இல் சீனாவின் குவாங்சோ நகரத்து எலிகளின் நுரையீரலில் சென் என்ற அறிஞர் கண்டு விவரித்த ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் என்னும் இந்தப் புழு, எலியின் இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்க்குள் வாழ்கிறது. முதிர்ந்த பெண்புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமிருக்கும். இரத்தம் நிறைந்த சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பைக் குழாய்கள் முறுக்கியிருப்பதால், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துத் திரித்த கயிறு போலவே தோன்றும். இதன் குஞ்சுகள் எலியின் எச்சத்தில் வெளிவரும். அவை நேராக இன்னோர் எலிக்குப் போக முடியாது. நடுவில் ஒரு நத்தையின் உடலில் தங்கி இரண்டு முறை தோலுரித்தாகவேண்டும். நத்தையே இதற்கு இடைநிலை விருந்தோம்பி. அந்த நத்தையை எலி தின்றால், குஞ்சுகள் குடலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், அங்கே மேலும் இரண்டு முறை தோலுரித்து வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் நுரையீரல் குழாய்க்கு இறங்குகின்றன. மூளை வழியாகப் போய்வரும் இந்தப் பயணத்தை, தொற்று மிகையாக இல்லாதவரை, எலி தாங்கிக்கொள்கிறது.

மனிதர் அந்தக் குஞ்சை விழுங்கினாலும் அது தன் வழக்கப்படி மூளையை நோக்கியே போகிறது. ஆனால் அங்கிருந்து மேற்கொண்டு செல்லும் வழி நம் உடலில் அதற்குக் கிட்டுவதில்லை. மூளை உறையிலும் அதைச் சுற்றியும் அது மடிகிறது. அதை எதிர்த்து ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் திரள்கின்றன. விழுங்கி ஒன்று முதல் மூன்று வாரங்களில் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு ஆகியவை தோன்றும். பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, நிலைமை கடுமையாகலாம். மனிதருக்கு வந்த முதல் தொற்றைப் பற்றிய அறிக்கை 1945இல் தைவானிலிருந்து வெளியானது. நமக்கு அடுத்துள்ள கேரளத்தில், கொச்சி வட்டாரத்தில், இந்த வகை மூளை உறை அழற்சியை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். உடும்பின் பச்சை இரத்தத்தையும் இறைச்சியையும் மருந்து என்று நம்பி உட்கொண்டவர்களுக்கு இது வந்ததும் தென்னிந்தியாவில் பதிவாகியுள்ளது. நத்தையைத் தின்னும் உடும்பின் உடலில் அந்தக் குஞ்சுகள் வளராமல் அப்படியே காத்திருப்பதுதான் இதற்குக் காரணம். உடும்பைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் புழுவை நம் வாசலுக்குக் கொண்டுவரக்கூடியது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தையை 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரிஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருந்து ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுவதால், போன இடமெல்லாம் பெருகிவிட்டது. கேரளத்து வாழைத் தோட்டங்களும் வீட்டு முற்றங்களும் இதனால் படும் பாட்டை நாம் அறிவோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் விளையின் ஓரத்தில், மழை விட்ட ஒரு விடியற்காலையில், வளை ஒன்றின் வாயருகே இந்த நத்தைகளின் ஓடுகள் பத்துப் பன்னிரண்டு குவிந்து கிடந்ததைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் வாய்ப்பக்கம் பல்லால் கடித்து உடைத்த தடம் இருந்தது. அவற்றின் மேலேயே கருமிளகு போன்ற எலிப்புழுக்கைகள் சிதறியிருந்தன. நாலடி தள்ளி, நாங்கள் துவையலுக்குப் பறிக்கும் வல்லாரைக் கொடியின் இலைகளில் நத்தை ஊர்ந்த பளபளப்பான கோடு காய்ந்திருந்தது. எலி, நத்தை, மனிதரின் உணவு ஆகிய மூன்றும் ஓர் எட்டு தூரத்துக்குள் இருந்தன. அந்த எலியில் புழு இருந்தது என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அந்த ஏற்பாட்டைத் தேடி நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன், நேரிலும் போனேன். எலியைக் கொல்ல மருந்து தருகிறோம், நத்தைக்கு உப்புப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எலியும் நத்தையும் ஒரே புழுவின் இரு வீடுகள் என்பதைக் கேட்பதற்கு அங்கே ஒரு மேசை இல்லை. சில மாதங்களுக்குப் பின் எங்கள் தெருவில் ஒரு சிறுவன் பத்து நாளுக்கும் மேல் தலைவலியால் துடித்து மருத்துவமனையில் கிடந்தான். அவன் தேறி வந்துவிட்டான். காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவன் நத்தையைக் கையாண்டானா, பச்சை இலை எதையும் தின்றானா என்று ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று அவன் தாயார் சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவர்களுக்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

எலி என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுவதும் ஒரு தடை. வீட்டுக் கூரையில் ஓடும் கறுப்பெலி, வரப்பைக் குடையும் அகழான், மரச்சீனிக்கிழங்கைத் தோண்டும் பெருச்சாளி, வறண்ட ஆரல்வாய்மொழிப் பக்கத்து வெள்ளெலி, வயற்சுண்டெலி ஆகிய இவை வேறு வேறு இனங்கள். அணிலும் முள்ளம்பன்றியும் இதே கொறிவிலங்கு வரிசையில் அடங்கும். விநாயகரின் ஊர்தி என்று நாம் வணங்கும் மூஞ்சூறோ இந்த வரிசையைச் சேர்ந்தது அன்று. அது பூச்சி தின்னும் வேறு குலம். உலகப் பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொறிவிலங்குகளே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் முள்மயிர் மர எலி உலகில் வேறெங்கும் இல்லாதது. நம் மாவட்டத்தில் நெல்வயல், தென்னந்தோப்பு, ரப்பர் விளை, மழைக்காடு ஆகியவை சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கங்களில் ரப்பர் வரிசை முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. ஊர் எலி காட்டோரம் போகும்போது தன் புழுக்களையும் கொண்டுபோகும். அவற்றைச் சந்தித்துப் பழகாத காட்டு எலி அங்கே இருக்கும். காட்டு எலிகளுக்கு என்ன நேர்கிறது என்பதும் நம் கவலையாக இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புழுக்கள் எல்லா எலிகளிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பத்து எலிகளைத் திறந்தால் ஏழெட்டில் ஒன்றிரண்டு புழுக்களோ எதுவுமில்லாமலோ இருக்கும். மிச்சமுள்ள இரண்டில் கொத்தாக நிறைந்திருக்கும். ஒட்டுண்ணியியலில் இது பொதுவாகக் காணப்படும் நிலை. ஆகவே இரண்டு எலிகளைப் பார்த்துவிட்டு இங்கே புழு இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. ஒரே ஓர் எலியைப் பார்த்து அஞ்சுவதும் தவறு. அவசர முடிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே சான்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்னஸ் ஃபிபிகர், கரப்பான்பூச்சி வழியாக எலியின் இரைப்பைக்கு வரும் ஓர் உருளைப்புழுவே அங்கே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அறிவித்தார். 1926ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அதற்காக அவருக்குக் கிடைத்தது. அந்த எலிகளின் உணவில் வைட்டமின் ஏ குறைந்திருந்ததே பெருங்காரணம் என்பது பின்னர்தான் தெரியவந்தது. புழு உண்மையாகவே இருந்தது, கரப்பான் வழியாக அது வந்ததும் உண்மை. அதன் மேல் சுமத்திய பழிதான் நிலைக்கவில்லை.

எனவே நிதானமாக, முறையாக, பல பருவங்களிலும் பல இடங்களிலும் பார்க்கவேண்டும் என்று கேட்கிறேன். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. எலி ஒழிப்பு முகாம்களில் பிடிபடும் எலிகளை, பிடித்த ஊர், நிலம், நாள் ஆகிய குறிப்புகளோடு, மாவட்டத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்குக் கொடுக்கலாம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, இனம், பால், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் முனைப்பை, கல்லீரல், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று உறுப்பு உறுப்பாகத் திறந்து பார்க்கவேண்டும். கிடைக்கும் புழுக்களைச் சூடாக்கிய 70 விழுக்காடு ஆல்கஹாலில் இட்டால் அவை சுருளாமல் நீண்டு கிடக்கும். பிறகு அடையாளம் காண்பது எளிது. நத்தையின் சதையை நறுக்கி, பெப்சினும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் வைத்தால் சதை கரைந்து, புழுக்குஞ்சுகள் இருந்தால் அடியில் நெளிவது தெரியும். இவை இளநிலை மாணவர்களே ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யக்கூடியவை. காட்டுக்குள் பிடிப்பது வனத்துறையின் அனுமதியோடு மட்டுமே நடக்கவேண்டும்; அரிய இனங்களைக் கொல்லாமல், புழுக்கையைச் சேகரித்து முட்டையையும் குஞ்சையும் தேடினாலே போதும். ஒவ்வோர் ஆண்டின் பதிவும் மாவட்டச் சுகாதாரத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் வேளாண் துறைக்கும் போய்ச் சேரவேண்டும். மூன்று துறைகளும் ஒரே தாளைப் படித்தால்தான் எலியையும் நத்தையையும் மனிதரையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

அதுவரை வீடுகளில் செய்யவேண்டியவை சில. வல்லாரை, கொத்தமல்லி, புதினா போன்ற பச்சையாக உண்ணும் இலைகளை ஒவ்வொன்றாக விரித்து, ஓடும் நீரில் கழுவவேண்டும். சளித்தடத்தைக் காட்டிலும், இலைக்கிடையில் ஒட்டிக்கிடக்கும் நகத்தளவு நத்தைக்குஞ்சு தெரியாமல் வாய்க்குள் போய்விடுவதே பெரிய ஆபத்து. ஐயம் இருந்தால் வேகவைத்து உண்ணுங்கள். கொதிக்கும் சூட்டில் புழுக்குஞ்சு சாகும். வயல் நத்தையை மருந்தாகவும் உணவாகவும் கொள்வோர் நன்றாக வேகவைக்காமல் உண்ணக் கூடாது. ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் பொறுக்க வேண்டாம். நனைத்த சாக்கில் பப்பாளி இலையை வைத்து மாலையில் போட்டால் இரவில் வந்து கூடும், காலையில் அப்படியே எடுத்து அடர்ந்த உப்புநீரில் இட்டுக் கொன்று புதைக்கலாம். நத்தையைக் கையில் ஊரவிட்டு விளையாடும் பிள்ளைகளை அதட்டாமல், சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிக் காரணத்தையும் விளக்குங்கள். நீண்ட தலைவலியோடு மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், நத்தையோடும் பச்சை இலையோடும் ஏற்பட்ட தொடர்பை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் நாளிதழில் இது வெளியானால், எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றாவது இந்தப் பணியைத் தொடங்க முன்வரும் என்று எதிர்பார்க்கிறேன். பழைய நுண்ணோக்கி ஒன்றும், முப்பது ஆண்டுகளில் மாணவர்களோடு சேர்த்துவைத்த எலிப்புழு மாதிரிகள் அடங்கிய குப்பிகள் சிலவும் என்னிடம் இருக்கின்றன. கேட்பவருக்குக் கொடுக்கவும், உடன் அமர்ந்து கற்றுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.